மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தை: தண்ணி தெளிச்சுப் பாத்து வாங்கின கிடா

ஆடி மாசம் எங்க சுடலைமாடசாமிக்குக் கொடை (கோயில் திருவிழா), இந்த வருசம் கிடா எடுக்குற முறை எங்க வீட்டுக்கு, இன்னும் மூணு மாசம் கிடக்கேன்னு இருக்காம போன செவ்வாக்கிழமையே அண்ணனும் நானும் திருநெல்வேலி மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்குக் கெளம்பிட்டோம். விடியுறதுக்கு முன்னாடியே அங்க இருக்கணும், வெயில் ஏற ஏற நல்ல உருப்படி எல்லாம் கைமாறிரும். பக்ரீத்துக்கு முந்தின வாரம்னா கால் வைக்க எடம் இருக்காது, வெலையும் வேற மாதிரி போகும், அதனால நேர்ச்சைக் கிடா வாங்குறவங்க அந்த வாரத்த விட்டுட்டுப் போங்க.

ஒவ்வொரு கிடாவையும் பாக்கும்போது நான் பாட்டில்ல இருந்து கொஞ்சம் தண்ணிய எடுத்து அது முதுகுலயும் காதுலயும் தெளிச்சுப் பாத்தேன். ஒரு யாவாரி "என்ன அண்ணாச்சி இங்கனயே சாமிகிட்ட உத்தரவு கேக்கிய?"ன்னு சிரிச்சிட்டாரு. அதுக்குக் காரணம் எங்க கரியன்.

1994ல எனக்கு 9 வயசு. தாத்தா சாமிக்கு நேந்து விட்ட கிடா தான் கரியன். நேந்து விட்ட ஆடுன்னா தெரியும்லா, யார் வீட்டுக்குள்ள போனாலும் அடிக்க மாட்டாவ, அரிசி ஊற வச்சிருந்தாலும் தின்னுட்டுப் போயிரும், "சாமி ஆடு, போட்டும்"னு விட்டுருவாவ. நானும் எங்க பெரியப்பா மகனும் அத தெனம் சாயங்காலம் கன்னடியன் கால்வாய்க்குக் கூட்டிட்டுப் போயி குளிப்பாட்டுவோம், ஆடுன்னா தண்ணிய கண்டா ஓடும்பாங்க, இது குட்டியில இருந்தே எங்க கூட எறங்கிப் பழகினது, சொம்பு சொம்பா தலையில ஊத்தினாலும் கண்ண மூடிட்டு நிக்கும்.

கொடை அன்னைக்கு ராத்திரி கணியான் கூத்து நடக்கு, மகுட மேளம் அடிச்சு நொறுக்குதாங்க, கரியனுக்கு மாலை போட்டு கொண்டாந்து நிறுத்தியாச்சு. கோமரத்தாடி, அதான் சாமியாடி, மஞ்சத்தண்ணி தெளிக்காரு. ஒடம்ப சிலுப்பித் துலுக்கினா தான் சாமி ஏத்துக்கிடுச்சுன்னு அர்த்தம். இவன் அசையல. இன்னொரு செம்பு. அசையல. ஒரு கொடம் ஊத்தினாங்க, அவன் சொகமா கண்ண மூடிட்டான்.

மகுடம் நின்னு போச்சு. "என்ன கொறைன்னு சொல்லுய்யா"ன்னு தாத்தா கும்புடுதாரு. பெரியப்பா முன்னாடி வந்து "மணி வாங்கிக் கட்டுதேன்னு நேந்துட்டு ரெண்டு வருசமா ஏமாத்திட்டேன், இந்த வருசம் கட்டிருதேன்"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு, அத்தையும் பெரியம்மையும் ஒரு வரப்புத் தகராறுல பேசிக்கிடாம இருந்தாவ, அத்தை தானா போயி "மைனி, வாங்க, வந்து ஒண்ணா நிப்போம்"னு கையப் பிடிச்சா. கரியன் கழுத்துல கெடந்த கேந்திப்பூ மாலைய எட்டி எட்டித் தின்னுட்டு இருந்தான்.

தாத்தா எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டாரு. "ஏல, இவன என்னலே செஞ்சிய?" நான் தான் சொன்னேன், தெனம் குளிப்பாட்டுவோம் தாத்தா, கரையேத்திக் கயித்த அவுத்து விட்டா தான் சிலுப்புவான்னு. ஒரு நிமிசம் யாரும் பேசல. தாத்தா குனிஞ்சு கயித்த அவுத்தாரு பாருங்க, ஒரே சிலுப்பு, கோமரத்தாடி, பெரியப்பா, சுத்தி நின்ன அத்தன பேரு மேலயும் மஞ்சத்தண்ணி, பொம்பளையாளுக குலவை போடுறதா சிரிக்கிறதான்னு தெரியாம ரெண்டும் சேத்துப் போட்டாவ. இன்னைக்கும் கொடைக்குக் கூடினா இந்தக் கதைய சொல்லாம எங்க வீட்டுல எல போட மாட்டாங்க. ஆனா அன்னைக்குப் படைப்புச் சோறு எனக்கு எறங்கல, அதையும் சொல்லணும்.

பெறகு 2003ல ஆடி முடிஞ்ச பெறகு ஆடு கோழி பலிக்குத் தடை போட்டு, அடுத்த ஆடிக்கு முன்னாடியே 2004ல எடுத்தாங்கல்லா, அதனால எங்க கொடை அதுல மாட்டல.

சரி, சந்தைக்கு வாரேன். கன்னி ஆடு தான் எனக்கு வேணும், நம்ம பக்கத்து ஆடு, உயரமா நிக்கும், வெயில் தாங்கும். கருப்புல வெள்ளக் கோடுன்னா பால்கன்னி, செவலக் கோடுன்னா செங்கன்னி, அங்க ரெண்டுமே நெறைய நின்னுச்சு. பல்ல பாத்து வாங்குங்க. ஆட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது, கீழ்த்தாடையில பால்பல்லு விழுந்து ரெண்டு பெரிய பல்லு வந்திருந்தா ஒரு வயசு தாண்டினது, நாலுன்னா ரெண்டு வயசு பக்கம். வேற ஒரு சந்தையில முன்ன வயிறு முட்டத் தண்ணி காட்டி வச்சிருந்தத எடைன்னு நம்பி வாங்கிட்டோம், அதுல இருந்து அண்ணன் வயித்தப் பாக்க மாட்டான், முதுகெலும்பத் தான் தடவிப் பாப்பான்.

நாங்க எடுத்தது ரெண்டு பல்லு பால்கன்னி. 18,000 சொன்னாரு. துண்டுக்குள்ள கையப் போட்டு விரலப் பிடிச்சுப் பேசுற பேரம் எனக்கு வராது, அண்ணன் பாத்துக்கிட்டான், 15,500க்கு முடிஞ்சுது. அந்த யாவாரி பின்னங்கால்ல இருந்த சின்னக் கீறல அவராவே காட்டித் தந்தாரு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. குட்டியானை வண்டிக்கு 900 ரூவா, ஊர் வரைக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய ஆடுக கூட சேக்காம ரெண்டு மூணு வாரம் தனியா கட்டுங்க, ஆட்டுக்கொள்ளை நோய்க்கு தடுப்பூசி போட்டிருக்கான்னு கேட்டு, இல்லைன்னா கால்நடை ஆஸ்பத்திரியில போட்ருங்க.

மொத்தத்துல எனக்கு முழுத் திருப்தி, அஞ்சுக்கு அஞ்சு. தண்ணி தெளிச்ச ஒடனே ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். இப்ப தொழுவுல கட்டிக் கெடக்கு, என் மக அதுக்குப் பேரும் வச்சாச்சு, நேத்து சொம்ப எடுத்துட்டு அது பக்கத்துல போயி நிக்கா. கொடை முடியுற வரைக்கும் கால்வாய்ப் பக்கம் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.