வேடம் கட்டுவதா, வாசலில் மிட்டாய் கொடுப்பதா?

அக்டோபர் 31 மாலை, பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகையன்று, அமெரிக்காவில் பெரியவர்களுக்கு இரண்டு வழிகள்: தாங்களே வேடம் கட்டித் தெருவில் இறங்கலாம், அல்லது வீட்டில் இருந்தபடியே, வாசலுக்கு வேடமிட்டு வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கலாம்.

முதலாவதற்கு நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் ஊர்வலத்தைப் பாருங்கள். முகமூடியும் பொம்மையும் செய்யும் கலைஞர் ரால்ஃப் லீ 1974இல் தொடங்கியது, இன்று ஆறாவது அவென்யூ வழியே பெருங்கூட்டமாக நகர்கிறது. வேடம் போட்டிருந்தால் யாரும் சேர்ந்துகொள்ளலாம். கழிகளில் தூக்கிய ராட்சத எலும்புக்கூடுகள் தலைகளுக்கு மேலே கைகால் ஆட்டிக்கொண்டு போகும். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேடமிட்டு வீடு வீடாகச் சென்றவர்களில் வாலிபர்களும் இருந்தார்கள். பிள்ளைகளின் மிட்டாய் வேட்டை அமெரிக்காவில் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். என் குறையெல்லாம், ஒரே இரவில் குப்பைக்குப் போகும் நைலான் உடைகள்மீதுதான். அடுத்த இனத்தாரின் உடையைக் கேலிப்பொருளாக்குவதையும் சகிக்க முடியாது.

இரண்டாவதில் செலவும் அலைச்சலும் குறைவு. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வேண்டாம் என்பது எழுதாத விதி. நீலப்பச்சை வண்ணப் பூசணி வைத்திருந்தால், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குச் சிறு பொம்மையோ ஸ்டிக்கரோ அங்கே கிடைக்கும். அடுக்குமாடியில் பெரும்பாலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை; வாங்கிய சாக்லேட்டை நாமே தின்று தீர்க்க வேண்டியதுதான்.

என் ஓட்டு ஊர்வலத்துக்கு, பழைய துணியில் தைத்த வேடத்தோடு. பிள்ளைகள் நிறைந்த தெருவில் குடியிருப்பவர்கள் சூனியக்காரித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கலாம்.