கினிக்கோழிக் குஞ்சுக்குக் கீரையா, கரையானா, தினையா?

நாட்டுக்கோழிக் குஞ்சு நொய்யைக் கொத்தியே எப்படியோ தேறிவிடும். கினிக்கோழிக் குஞ்சு தேறாது. பொரிக்கும்போது 25, 30 கிராம்தான் இருக்கும். வளரும் வேகமோ அதிகம். அதனால் முதல் நான்கைந்து வாரத்துக்குத் தீவனத்தில் 24 முதல் 26 சதவீதம் புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் முட்டைக்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் அளவில்தான் இருக்கும். கறிக்கோழிக் குஞ்சுக்கு முதலில் கொடுக்கும் பிரீ ஸ்டார்ட்டர் தீவனத்தில் 23 வரை வரும் என்பதால் அதை வாங்குவது நல்லது. ஆனால் ஒன்று: மோனென்சின் என்ற இரத்தக் கழிச்சல் மருந்து அதில் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கறிக்கோழி தாங்கிக்கொள்ளும் அந்த மருந்து கினிக்கோழிக்கு நஞ்சு.

கீரை, கரையான், முட்டை, தானியம் எல்லாம் இந்தத் தீவனத்துக்கு மேல் வருபவை. ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குஞ்சின் தீனிப்பை சிறியது. அதில் கீரை நிறைந்தால் தீவனத்துக்கு இடம் இருக்காது. அப்படியானால் எதற்காகக் கொடுக்க வேண்டும்? இரண்டு காரணம் சொல்லலாம். தீவனத்தில் குறையும் புரதத்தைக் கொஞ்சம் ஈடுகட்ட. கூப்பிட்டால் வரப் பழக்க. இந்த இரண்டில் எதற்கு என்று முடிவு செய்யாமல் கையில் கிடைத்ததையெல்லாம் போடுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முருங்கையும் அசோலாவும்

கோழி வளர்ப்பு என்று பேச்செடுத்தாலே நீரில் மிதந்து வளரும் அசோலாத் தழைக்குத் தொட்டி போடச் சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். உலர்ந்த எடையில் பார்த்தால் அதில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் போடுவது பச்சை அசோலா. அதில் 93, 94 சதவீதம் தண்ணீர். 10 கிராம் அள்ளிப் போட்டால் உள்ளே போகும் உலர்பொருள் ஒரு கிராம்கூட வராது. வளர்ந்த கோழி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது, குஞ்சுக்கோ வயிறு நிறைந்துவிடும். சாணக் கரைசலில் வளர்வதால் நன்றாக அலச வேண்டும். அலசினால் ஈரம் சொட்டும். கினிக்கோழிக் குஞ்சுக்கு ஈரம் ஆகவே ஆகாது. நனைந்தால் விறைத்துப் போகும், காப்பாற்றுவது கடினம். அசோலாவை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முருங்கைக்கீரை இங்கே எளிதாக ஜெயிக்கிறது. பச்சையாகவே 100 கிராமுக்கு 6 கிராமுக்கு மேல் புரதம், சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இலை சிறியது, நறுக்கும் வேலையும் குறைவு. இரண்டாவது வாரம் முடிந்ததும் காம்பு இல்லாமல் உருவி, ஈரம் உலர்ந்த பிறகு தூவலாம். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் கொத்தாகக் கட்டி, அலகு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து எச்சத்தோடு கலந்துவிடும். தொங்கினால் பிய்த்துத் தின்னும், ஒன்றையொன்று இறகு கொத்துவதும் குறையும்.

கொத்தமல்லித் தழை நல்லது, விலை இறங்கியிருக்கும்போது. தண்டுக்கீரையும் பாலக்கும் தினசரிக்கு ஆகாது. அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எலும்பு வளரும் வயதில் அது தேவையில்லாத வம்பு. நீளமான புல்லை அப்படியே போட்டால் தீனிப்பையில் உருண்டு அடைத்துக்கொள்ளும். ஆட்டுக்கு வெட்டும் சூபாபுல் தழையைக் குஞ்சுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், அதில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. மரவள்ளி இலையும் வேண்டாம், அதில் வேறு வகை நச்சு உண்டு.

கீரையோ தானியமோ, எது தொடங்கினாலும் கூடவே ஒரு தட்டில் பொடிக்கல் வையுங்கள். கழுவிய கரடுமுரடான ஆற்று மணல் போதும். பல் இல்லாத பறவைக்கு அரைவைப்பையில் அரைத்துக் கொடுப்பது அந்தக் கல்தான்.

கரையானும் அவித்த முட்டையும்

புரதத்துக்குத்தான் என்றால் போட்டி இந்த இரண்டுக்குள். அவித்த முட்டையில் 100 கிராமுக்கு 13 கிராம் அளவில் புரதம். எப்போதும் கிடைக்கும், முதல் வாரத்திலேயே உதிர்த்துப் போடலாம், சோர்ந்து நிற்கும் குஞ்சையும் கொத்த வைக்கும். சிக்கல், குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடருக்குள் இருக்கும் வெப்பம். முதல் வாரம் 35 டிகிரி வைக்கிறோம். அந்தச் சூட்டில் மிச்ச முட்டை சீக்கிரமே கெட்டுவிடும். போட்டு அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடும் பொறுமை இருந்தால் மட்டும் கொடுங்கள். மஞ்சள் கரு காலில் ஒட்டினால் மற்ற குஞ்சுகள் அந்தக் காலையே கொத்தும், அதையும் கவனிக்க வேண்டும்.

கரையானுக்கு அந்தத் தொல்லை இல்லை, உயிரோடு ஓடும். பழைய மண்பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத்துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடிந்ததும் பானை நிறைய ஏறியிருக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் கோழிக்குஞ்சுக்குச் செய்தது இதுதான். கினிக்கோழியின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவிலும் இதே கதை. வடக்கு கானாவிலும் புர்கினா பாசோவிலும் கிராமத்து வீடுகளில் கினிக்கோழி வளர்க்கிறார்கள், குஞ்சுக்குக் கரையான் பிடித்துப் போடுகிறார்கள், கிட்டத்தட்ட இதே கவிழ்த்த பானையோடு. காட்டுக் கினிக்கோழியும் விதை, தழையோடு பூச்சி புழுவைத் தேடித் தின்று வளர்வதுதான். கரையானைக் கண்டால் குஞ்சுகள் துரத்தி ஓடும் ஓட்டமே தனி. அந்த ஓட்டம் காலுக்கும் நல்லது.

குறை என்றால், நல்ல மழைக்காலத்தில் பானை பல நாள் வெறுமையாக இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து மருந்து. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஊற்றிய அஸ்திவாரம், தென்னந்தோப்பு, மரக்கட்டை அடுக்கு ஆகியவற்றின் பக்கம் பிடித்த கரையானைப் போடவே கூடாது. உங்கள் நிலத்தில் என்ன தெளித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன செய்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான இடம் இருந்தால் என் ஓட்டு கரையானுக்கு. இல்லாவிட்டால் வாரம் இரண்டு முறை முட்டை.

தினை, பனிவரகு, கம்பு

புரதத்தில் இவை மூன்றும் சுமார்தான், 11, 12 சதவீதம். தீவனத்தோடு ஒப்பிட்டால் பாதி. அப்படியிருந்தும், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறுதானியத்தைத்தான் வாங்கச் சொல்வேன். காரணம் கினிக்கோழியின் குணம். நாட்டுக்கோழி பொழுது சாய்ந்தால் தானாகக் கூடு தேடும். கினிக்கோழி பறந்து மரத்தில் ஏறிக்கொள்ளும். காலையில் எண்ணினால் ஒன்றிரண்டு குறையும். காட்டுப்பூனை, ஆந்தை, எது கொண்டுபோனது என்று தெரியாது. பெரிதான பிறகு விரட்டிப் பிடித்து அடைக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

அதனால் மூன்றாவது வாரத்திலிருந்து, புரூடரில் இருக்கும்போதே, தினம் சாயங்காலம் ஒரே டப்பாவைக் குலுக்கி, ஒரே மாதிரி குரல் கொடுத்து, ஒரு சிட்டிகை தானியம் தூவுங்கள். அந்தத் தானியத்தை வேறு எந்த நேரத்திலும் போடாதீர்கள், இலவசமாகக் கிடைப்பதற்கு யார் ஓடிவருவார்கள்? ஆறேழு வாரத்தில் வெளியே விடும்போது டப்பாச் சத்தம் கேட்டால் திரும்பும்.

அமெரிக்காவில் கினிக்கோழி வளர்ப்பவர்கள் இதற்கென்றே வெள்ளைப் பனிவரகு வைத்திருப்பார்கள். மங்கலான வெளிச்சத்திலும் தரையில் பளிச்சென்று தெரியும். இங்கே உமியோடு கூடிய பனிவரகு எல்லா ஊரிலும் அகப்படாது. லவ்பேர்ட்ஸுக்கு விற்கும் தினை வளர்ப்புப் பறவைக் கடைகளில் கிடைக்கும், குஞ்சு அலகுக்கு அளவும் பொருத்தம். கம்பு மலிவு, ஆனால் மணி பெரிது. ஐந்து வாரம் வரை உடைத்துப் போட வேண்டும். அரிசி நொய்யில் புரதம் இன்னும் குறைவு, 7 சதவீதம் சொச்சம். சாயங்கால டப்பாவுக்கு அதுவும் ஒத்துழைக்கும், கொடுப்பது ஒரு சிட்டிகைதானே.