கும்பகோணத்துலேர்ந்து சிட்னி: திருச்சியா, சென்னையா, பெங்களூரா?

அக்காவுக்கு பிரசவம், அம்மா தனியா சிட்னி போகணும். சொந்தக்காரங்க எல்லாரும் "பெங்களூர்லேர்ந்து நேரா பிளைட் இருக்கு, அதுல ஏத்தி விடு"ன்னாங்க. ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் ஏர்லைன்ஸ் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது அது, சுமார் 9,350 கிலோமீட்டர், பதினொன்றரை மணி நேரம் போல. ஒரே பிளைட்டுங்கறது பெரிய நிம்மதிதான், மறுக்கல. ஆனா நாம கும்பகோணத்துல இருக்கோமே. மைசூர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க உக்காந்து போயி, காலைல பெங்களூர்ல எறங்கி, ஊருக்கு அந்தக் கோடில தேவனஹள்ளில இருக்கற ஏர்போர்ட்டுக்கு பெட்டிய இழுத்துக்கிட்டு போயி, மூணு மணி நேரம் முன்னாடியே நிக்கணும்னா வீட்டு வாசல்லேர்ந்து கணக்கு 28 மணி நேரத்த தாண்டிடுது.

திருச்சி வழிய பாருங்க. வீட்டுலேர்ந்து கார்ல 95 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம். திருச்சி டு சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அங்கேர்ந்து சிட்னி 6,300, எட்டு மணி நேரம். மொத்தம் 9,300. திருச்சிக்கும் சிட்னிக்கும் நேர்கோடு போட்டா 9,100 தான் வருது, அதாவது சிங்கப்பூர் கிட்டத்தட்ட போற வழிலயே இருக்கு, சுத்துன்னு சொல்லவே முடியாது! சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்ல மூணு மணி நேரம் காத்திருந்தாலும் எல்லாம் சேத்து 20, 21 மணி நேரத்துல முடிஞ்சிடும். கோலாலம்பூர் வழியா போனாலும் தூரம் இதே அளவுதான்.

டெல்லி வழி மட்டும் வேண்டவே வேண்டாம், தெக்க போக வேண்டிய ஆள வடக்க 2,000 கிலோமீட்டர் கொண்டு போயி திருப்பி விடறாங்க.

சென்னைலேர்ந்தும் அதே சிங்கப்பூர்தான். பெரிய பிளேன், சாப்பாடோட டிக்கெட் கெடைக்கும், திருச்சில ஸ்கூட்னா (சிங்கப்பூரோட மலிவு விலை ஏர்லைன்ஸ்) சாப்பாடு, லக்கேஜ் எல்லாத்துக்கும் சேத்து போட்டுதான் வெலைய ஒப்பிடணும். ஆனா சென்னைக்கு ரயில்லயே ஆறேழு மணி நேரம் போயிடுதே. வயசானவங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்னு நான் திருச்சியே போட்டேன்.

ரெண்டு பிளைட்டும் ஒரே டிக்கெட்ல இருக்கணும், இத மட்டும் விட்டுடாதீங்க. தனித்தனியா போட்டா மொத பிளைட் லேட்டானா ரெண்டாவது போச்சு, பெட்டியும் நாமளே எடுத்து திரும்ப போடற மாதிரி ஆகலாம். வீல்சேர் புக்கிங்லயே கேட்டுடுங்க, அம்மா மாதிரி இங்கிலீஷ் வராதவங்களுக்கு அடுத்த கேட் வரைக்கும் கூடவே ஆள் வர்றது எவ்ளோ தைரியம் தெரியுமா.

டிக்கெட்ல போட்டிருக்கறது அந்தந்த ஊர் நேரம். சிட்னி நம்மள விட நாலரை மணி முன்னாடி, அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அஞ்சரை, அத கழிச்சு பாத்தாதான் பயண நேரம் சரியா வரும். காப்பித்தூள், வடகம் எல்லாம் எறங்கறப்ப நிரப்பிக் குடுக்கற பயணி கார்டுல கண்டிப்பா எழுதிடணும். வெத்தலைய மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வரச்சொல்லுங்க, பச்சை இலைய அங்க விடமாட்டாங்க.