அமெரிக்கக் கல்லூரியில் ஃப்ரெட்டர்னிட்டி: சேரலாமா, எதில் சேரலாம்?

ஜனவரிக் கடைசியில் வார விடுமுறைக்கு வந்த மகன் சாப்பாட்டு மேசையில் ஓர் உறையை வைத்தான். உள்ளே கெட்டி அட்டை. மேலே மூன்று கிரேக்க எழுத்துகள், கீழே பேனாவால் எழுதிய அவன் பெயர். இதைத்தான் 'பிட்' என்கிறார்கள்: எங்கள் ஃப்ரெட்டர்னிட்டியில் சேர வா என்ற அழைப்பு. ஃப்ரெட்டர்னிட்டி என்றால் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஆண்களுக்கான மாணவர் சங்கம்; சுருக்கமாக 'ஃப்ராட்'. பதில் சொல்ல ஐந்து நாள் அவகாசம். "சேரட்டுமாப்பா?" என்றான். அந்த ஐந்து நாளும் அவனும் நானும் உட்கார்ந்து, அவன் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டோம்.

முதல் வழி, அழைப்பு அனுப்பியிருந்த பெரிய வீட்டு ஃப்ராட். 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா தொடங்கியதிலிருந்து வருகிற மரபு இது. இதன் இழுப்பு எனக்குப் புரிகிறது. முப்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில், தட்டை எடுத்துக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரே வாரத்தில் அறுபது அண்ணன்மார் கிடைக்கிறார்கள். மாடியில் அறை, கீழே சமையற்கூடம், பழைய மாணவர்களின் தொடர்பு எல்லாம் உண்டு. சில ஊர்களில் விடுதி வாடகையைவிட அந்த வீட்டு வாடகை குறைவு. ஆனால் சந்தா தனி. தலைமையகத்துக்கு, கிளைக்கு, காப்பீட்டுக்கு என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். ஒரு பருவத்துக்கே ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு.

பணம்கூடப் பெரிதில்லை. என் பயமெல்லாம் 'பிளெட்ஜ்' வாரங்களைப் பற்றித்தான். பிட்டை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து முழு உறுப்பினர் ஆகும்வரை ஆறு முதல் எட்டு வாரம் புதியவன் தன்னை நிரூபிக்க வேண்டும். அப்போது நடக்கும் கொடுமைகளுக்கு இங்கே 'ஹேசிங்' என்று பெயர். நமக்குத் தெரிந்த ராகிங்தான். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த கொலையையும், 1997-இல் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டத்தையும் மறக்காத தலைமுறை என்னுடையது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங்கில் பையன் மாட்டிக்கொள்கிறான். ஹேசிங்கில் அவனே விரும்பிப் போகிறான், அதை நுழைவுக் கட்டணம் போல நினைத்துப் பொறுத்துக்கொள்கிறான். அதனால் வீட்டில் வாயே திறக்க மாட்டான்.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை வீட்டில், பிட்டை ஏற்ற அன்று இரவே ஒரு பத்தொன்பது வயது மாணவனுக்கு வரிசையாக மதுவைக் கொடுத்தார்கள். படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டவனுக்கு மறுநாள் காலைவரை யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. அவன் பிழைக்கவில்லை. அவன் பெயரிலேயே அந்த மாநிலத்தில் 2018-இல் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேசிங் விதிகளை மீறிய அமைப்புகளைப் பற்றிய அறிக்கையைக் கல்லூரியே தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பிட்டுக்குப் பதில் சொல்லும் முன் அதைத் தேடிப் படியுங்கள். சென்னையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்த பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு: இங்கே மது வாங்கும் வயது 21. அதற்கு முன் குடித்துப் போலீஸில் மாட்டினால் அது விசா வரைக்கும் போகலாம்.

இரண்டாவது வழி, தேசி ஃப்ராட். 1994-இல் பிங்காம்டனில் அயோட்டா நு டெல்டா, 1998-இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை, 1999-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பீட்டா கை தீட்டா என்று தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவை. பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, ஆளும் குறைவு. பொங்கல் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். "நம்ம பசங்கதானே" என்று என் மனைவி உடனே இந்தப் பக்கம் சாய்ந்தாள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. 2013-இல் நியூயார்க்கின் பாருக் கல்லூரி மாணவர்களை ஓர் ஆசிய-அமெரிக்க ஃப்ராட் போகோனோ மலைக்குக் கூட்டிப்போனது. கண்ணைக் கட்டி, முதுகில் கனமான பையை ஏற்றி, ஒரு புதியவனை மாறி மாறி இடித்துத் தள்ளினார்கள். அவன் இறந்துபோனான். தள்ளிய கைகளும் அவனைப் போன்ற ஆசியப் பிள்ளைகளின் கைகள்தான்.

இனம் சார்ந்த அமைப்புகள் கெட்டவை என்று இதற்கு அர்த்தமில்லை. சென்னையில் வேர்கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களின் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் 1986-இல் சேர்ந்தார். முப்பத்தெட்டு வருடம் கழித்து அவர் அதிபர் தேர்தலில் நின்றபோதும் அந்தச் சகோதரிகள் கூட வந்தார்கள். அந்த உறவை வெளியே எங்கும் சம்பாதிக்க முடியாது.

மூன்றாவது, சேவை அல்லது தொழில் சார்ந்தவை. 1925-இல் லஃபாயெட் கல்லூரியில் சாரணர் மரபில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஒமேகாவில் 1976 முதல் பெண்களும் சேரலாம். பொறியியலுக்குத் தீட்டா டௌ, வணிகத்துக்கு டெல்டா சிக்மா பை. பெரும்பாலும் செலவு குறைவு, குடியை மையமாக வைத்த வாழ்க்கையும் இல்லை. குறை என்னவென்றால், வீட்டு ஃப்ராட்டில் வரும் அந்த ஒட்டுதல் இங்கே எளிதில் வராது. வணிகக் குழுக்கள் சிலவற்றில் வேலைக்கு எடுப்பதுபோல நேர்காணல் வைத்துக் கழித்துவிடுவார்கள்.

எதிலும் சேராமல் இருப்பதும் ஒரு வழிதான். மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரி 1984-இலேயே ஃப்ரெட்டர்னிட்டிகளை ஒழித்துவிட்டது. அங்கேயும் பிள்ளைகள் நண்பர்களோடுதான் வெளியே வருகிறார்கள்.

என் முடிவைச் சொல்கிறேன். முதல் பருவத்தில் எதிலும் சேரக் கூடாது. விடுதித் தாழ்வாரத்திலும் ஆய்வுக்கூடத்திலும் தானாக அமையும் நட்புக்கு ஒரு பருவமாவது இடம் விட வேண்டும். அதன் பிறகு சேர்வதானால், பெயரையும் எழுத்துகளையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிளெட்ஜ் வாரங்களில் என்னென்ன செய்யச் சொல்வீர்கள்?

மகன் நான்காம் நாள் என் எதிரிலேயே அந்த வீட்டுக்கு போன் போட்டு அதைக் கேட்டான். நல்ல குரல், மரியாதையான பேச்சு. "உள்ளே வந்தால் தெரியும், இப்போது சொல்ல முடியாது" என்றான் அந்தப் பையன். மகன் நன்றி சொல்லி வைத்தான். ஐந்தாம் நாள் எந்தப் பதிலும் அனுப்பவில்லை. ஒரு வாரம் முகம் வாடித்தான் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

செப்டம்பரில் ஆல்ஃபா ஃபை ஒமேகாவிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். எந்த வாரம் எத்தனை மணி நேரச் சேவை, எந்த ஞாயிறு கூட்டம் என்று முழு அட்டவணையையும் அன்று இரவே அனுப்பிவிட்டார்கள். சேர்ந்துவிட்டான்.