மாமாவின் பென்ஸும் திருகோணமலை மினுக்குக் கடையும்

ஓகஸ்டில் மூன்று கிழமை விடுமுறை எடுத்து ஜேர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து ஊருக்குப் போனேன். காணி அலுவல், வங்கி அலுவல் எதுவும் இந்த முறை இல்லை. திருகோணமலை உவர்மலையில் மாமா வீட்டு முற்றத்தில் நிற்கும் 1982ஆம் ஆண்டு பென்ஸ் 240 டி காரின் எஞ்சினை ஒழுங்காகத் துப்புரவாக்க வேண்டும் என்பதுதான் ஒரே எண்ணம். எங்கள் குடும்பத்தில் ஏழு கலியாணப் பொம்பிளைகள் கோயிலுக்கு ஏறிப்போன கார் அது. கடைசியாக ஏறியது என் தங்கை.

2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது மாமா காரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எரிபொருள் வாங்கும் கோட்டா வந்த பிறகும் மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழிவிட்டார்கள். அத்தனை காலமும் பழைய கார்களை விற்க யாருக்கும் மனம் வரவில்லை, மாமாவும் விற்கவில்லை. ஆனால் உவர்மலையில் வீட்டைச் சுற்றிக் கடல். வாடைக்காற்றோடு வரும் உப்பு பொனெட்டுக்குள்ளும் போய்ப் படிந்துவிடும். பொனெட்டைத் தூக்கினால் எஞ்சினின் மேல்மூடியான டப்பெட் கவர் முழுக்க வெள்ளைப் பூ. அலுமினியத்தை உப்பு அரித்தால் அப்படித்தான் மாவு மாதிரிப் பூக்கும். அதற்கு மேல் பழைய எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் போல இறுகியிருந்தன.

முதலில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் கழுவ வேண்டும் என்றதும் பையன் ஒருவன் வாளியில் கரைத்த ஏதோவொன்றைத் தூரிகையால் பூசினான். எஞ்சினுக்குக் காற்று போகும் அலுமினியக் குழாயான இன்டேக் மனிஃபோல்டில் பட்ட இடமெல்லாம் நுரைத்துப் பொங்கியது. என்ன தம்பி இது என்று கேட்டேன். "காஸ்டிக் அண்ணா, ஊத்தை உடனே கழரும்" என்றான். ஊத்தை கழன்றது உண்மை. காய்ந்த பிறகு பார்த்தால் மனிஃபோல்ட் அடுப்புச் சட்டியின் அடி போலக் கறுத்திருந்தது. காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தைக் கரைத்துவிடும். வார்ப்பு அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கன் கரையாமல் மேலே தங்குவதால்தான் அந்தக் கறுப்பு. எனக்கு வந்த கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. லொறிகளின் இரும்புப் பாகங்களைக் கழுவிய பழக்கத்தில் அவன் செய்தான். எந்தப் பாகம் எந்த உலோகம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்காத முதலாளிமேல்தான் கோபம். பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் கழுவக் கொடுக்க முன்பு காஸ்டிக் பாவிக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மாமாவின் கூட்டாளி ஒருவர் அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜைக் காட்டிவிட்டார். சின்னத் தகரக் கொட்டில். மெக்கானிக் அண்ணைக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அரைவாசி வேலை மீன்பிடி வள்ளங்களின் டீசல் எஞ்சின்கள். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பொனெட்டுக்குள் குனிந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "உதுக்கு மேல காஸ்டிக் ஊத்தினது ஆர்?"

நான் பளபளப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மினுக்கிறது பிறகு தம்பி. முதல்ல ஊத்தை போகோணும். ஊத்தை உள்ளுக்குப் போகக் கூடாது."

அந்த இரண்டாவது வசனம்தான் அவருடைய வேலை முழுவதும். இந்த எஞ்சினில் அக்சிலறேற்றர் மூட்டுகள் டப்பெட் கவரின் மேலேயே அமர்ந்திருக்கின்றன. பக்கத்திலேயே டீசல் போகும் நொசில் குழாய்கள். கவரைக் கழற்ற முன்பே மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் சுற்றுவட்டாரத்தைச் சுத்தம் செய்தார். கழற்றிய நொசில் குழாய் ஒவ்வொன்றின் வாயையும் துண்டுப் பொலித்தீனால் மூடி றப்பர் பான்ட் போட்டார். டீசல் பம்புக்குள் இருக்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துணுக்கு போதும், பம்ப் போய்விடும். கவரைத் தூக்கியதும் கழுவித் தேய்த்த பழைய சாறம் ஒன்றை எஞ்சினின் மேல் விரித்துக் கட்டினார். நூல் பிரியாத துணிதான் வேண்டும் என்று வீட்டில் சொல்லி எடுப்பித்தாராம்.

கறுத்த மனிஃபோல்டைக் கழற்றித் தண்ணீரால் அலசி, தேசிக்காய் பிழிந்த தண்ணீரை ஊற்றி, மறுபடியும் நிறையத் தண்ணீர் விட்டார். காரத்தின் மிச்சம் எங்காவது தங்கினால் அரிப்பு நிற்காது, புளிப்பு அதை முறிக்கும் என்றார். கவரின் வெளிப்பக்கத்துக்கு மண்ணெண்ணெயும் தேங்காய்த் தும்பும். தார் இறுகிய மூலைகளுக்கு மூங்கில் சீவல், இரும்புச் சுரண்டி கிடையாது. பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டை நான் நீட்டினேன். வெளிப்பக்கத்துக்குச் சரி, உள்பக்கத்துக்கும், கசிவைத் தடுக்கும் கஸ்கெட் அமரும் விளிம்புக்கும் வேண்டாம் என்றார். அதில் இருப்பது தேய்க்கும் துகள், உதிர்ந்து எண்ணெயோடு போனால் பெயரிங்கைத் தின்னும். இதே காரணத்தால் காற்றழுத்தத்தில் மணல் அடித்துத் துப்புரவாக்கவும் சம்மதிக்கவில்லை. கவரின் உள்ளே எண்ணெய் ஆவியைப் பிரிக்கும் தகடு இருக்கிறது, அதன் பின்னால் போன மணலை எந்தக் கழுவலும் எடுக்காது.

பிறகுதான் மினுக்கும் இடத்துக்குப் போனோம். கடற்கரைப் பக்கம் ஒரு லேத் பட்டறையோடு ஒட்டிய அறை, மினுக்குபவர் ஒரு முஸ்லிம் நானா. அன்று அவர் முன்னால் கோயில் குத்துவிளக்கு மூன்றும் வள்ளத்தின் பித்தளைப் புரொப்பெல்லர் ஒன்றும் கிடந்தன. கவரை வாங்கி விரல் நுனியால் சுற்றித் தடவினார், இரண்டு இடத்தில் நிறுத்தி நகத்தால் அழுத்திப் பார்த்தார். அரிப்புக் குழிகள் அங்கே ஆழம். கண்ணாடி மாதிரி வேண்டும் என்றால் குழியின் அடிவரை தேய்க்க வேண்டும், கவர் மெலியும் என்றார். எனக்கு அது வேண்டாம். வார்ப்பு அலுமினியம் வார்ப்பு மாதிரித் தெரிவதுதான் அழகு, தொழிற்சாலையிலிருந்து அது கண்ணாடியாக வரவில்லையே.

240ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 400, 800 என்று மண்ணெண்ணெய் தொட்டுக் கையாலேயே தேய்த்தார். ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் தேய்க்கும் திசையையும் மாற்றினார். முந்தின கோடுகள் மறைந்துவிட்டனவா என்று அப்போதுதான் தெரியும். பிறகு மோட்டரில் சுழலும் துணிச் சக்கரம், அதில் சவர்க்காரக் கட்டி போன்ற மண்ணிறப் பொலிஷ். ஒரே இடத்தில் கவரைப் பிடிக்கவே இல்லை. பத்து எண்ணுவதற்குள் நகர்த்தி, புறங்கையால் சூடு பார்த்தார். சூடேறினால் பொலிஷ் கறுத்து அலுமினியத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். அந்த வெயிலிலும் கச்சான் காற்றிலும் இரண்டு மணித்தியாலம். வாசலில் ஒரு மான் வந்து நின்று மட்டைப் பெட்டியை மென்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மான்கள் கடைத்தெருவில் நிற்பதை வெளியூர்க்காரர்தான் படம் எடுப்பார்கள், அன்று நானும் எடுத்தேன்.

கூலி 6,500 ரூபாய். கவரும் மனிஃபோல்டும் சேர்த்து. ஜேர்மனியில் இதே பாகங்களைத் தண்ணீரும் கண்ணாடி மணியும் கலந்து அடித்துத் தருவார்கள், முடிவு இன்னும் ஒரே சீராக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெட்டியில் அனுப்பி, பெட்டியில் திரும்பி வாங்குவேன். இங்கே எந்தக் குழியை விடுவது என்று பக்கத்தில் இருந்து பேசித் தீர்த்தோம்.

நட்டுகளுக்குத் துத்தநாகப் பூச்சுப் போடக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், எனக்கு நாள் போதவில்லை. பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தையும் கழித்தே கணக்குப் போடுங்கள். கஸ்கெட்டை ஜேர்மனியிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். இந்த மொடல் கார் 1976 முதல் ஏறத்தாழ பத்து வருடம் செய்யப்பட்டது, மொத்தம் 27 லட்சத்தை நெருங்கும். அதனால் பாகங்கள் இன்றும் தட்டுப்பாடில்லை. ஸ்பிறே டின்களை மட்டும் பயணப் பையில் வைக்காதீர்கள், விமானத்தில் தீப்பற்றும் பொருளென்று எடுத்துவிடுவார்கள்.

பூட்டுவதற்கு முன்பு அண்ணை கவரின் விளிம்பைக் கண்ணாடித் தட்டில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். கவர் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியும் பார்த்தார், குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.10 மில்லிமீற்றர், எக்சோஸ்ட் 0.40. மூன்றாவது சிலிண்டரின் எக்சோஸ்ட் இறுகியிருந்தது. காலையில் ஸ்டார்ட் எடுக்க மாமா படும் பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்றார். இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

அடுத்த நாள் நிலாவெளி வரை ஓடிப் பார்த்தோம். திரும்பி வந்து கவரின் விளிம்பு முழுக்க வெள்ளைத் தாளால் துடைத்தேன், எண்ணெய்க் கசிவு இல்லை. மினுக்கிய அலுமினியத்தில் மெல்லியதாக மெழுகு பூசி, மிச்ச டின்னை மச்சானிடம் கொடுத்தேன். வாடை தொடங்கியதும் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த பிறகு மறுபடி பூச வேண்டும். நவம்பரில் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.