பிளேசான்ஸ் – ரோலான் காரோஸ்: 45 நிமிடப் பறப்புக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

மொரீசியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 230 கி.மீ. இங்கே பறக்கும் சிறிய விசிறி விமானமான ஏடிஆர் 72, மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். கணக்குப்படி அரை மணி நேரமே ஆக வேண்டும், ஆனால் டிக்கெட்டில் 45 நிமிடத்துக்குக் குறையாது. காரணம் தென்கிழக்குக் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். அதனால் பிளேசான்ஸில் ரீயூனியனுக்கு முதுகு காட்டிக் கிளம்பி, கடலுக்கு மேல் வலப்பக்கம் வளைந்து மேற்கே போகிறது. அங்கே ஓடுதளத்தைத் தாண்டிப் போய், கிழக்கு நோக்கித் திரும்பி இறங்குகிறது. ஜெட் விமானமானாலும் சில நிமிடமே மிச்சம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். மேகம் இல்லாத காலையில் ரீயூனியனின் 3,070 மீட்டர் பித்தோன் தே நேஜ் சிகரம் முழுதாகத் தெரியும். ஏடிஆரில் முன்பகுதியில் விசிறிகளின் இரைச்சல் அதிகம். பின்வரிசையில் அமைதி, கதவும் பின்னால்தான், முதலில் இறங்கிவிடலாம். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் தட்டு சிறியது. சக்கரப் பெட்டியைப் படிக்கட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள். மருந்து, பாஸ்போர்ட் இரண்டையும் முன்பே கைப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

நேரம் தின்பது தரைதான். போர்ட் லூயிஸிலிருந்து பிளேசான்ஸுக்கு ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக. ரீயூனியன் பிரான்ஸ் மண்ணானாலும் எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரீஸிலிருந்து பெரிய விமானம் அதே நேரம் இறங்கியிருந்தால் பாஸ்போர்ட் வரிசை நீளும். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரு தீவுக்கும் ஒரே நேரம். சாந்தாந்ரே கோவில் திருவிழாவுக்குப் போவோருக்கு நிலையத்திலிருந்து 20 கி.மீ.தான். தெற்கே உள்ள சாம்பியேர் நகருக்குப் போவோர் தீவைப் பாதி சுற்ற வேண்டும், நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். தெற்கே பியேர்ஃபோன் நிலையத்துக்கு அட்டவணையில் சேவை இருந்தால் அவர்கள் அதையே எடுப்பது நல்லது.

பூஜைக்கென்று வெற்றிலை, பூமாலை, பழம், கறிவேப்பிலை எதுவும் பெட்டியில் வேண்டாம். செடிநோய் பயத்தால் சுங்கத்தில் பறித்துவிடுவார்கள். அங்கே சந்தையில் ‘கலுப்பிலே’ என்று கேளுங்கள், நம் கறிவேப்பிலைதான் அது!

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருவதால் முதலில் மொரீசியஸ் மூடும், பிறகு ரீயூனியன். இங்கே எச்சரிக்கை நீங்கியதும் டாக்சி பிடித்துவிடாதீர்கள், அங்கே அப்போதுதான் சிவப்பு எச்சரிக்கை தொடங்கியிருக்கும். இந்த மாதங்களில் ரோலான் காரோஸிலிருந்து பாரீஸுக்கோ வேறு ஊருக்கோ தனி டிக்கெட்டில் தொடர்விமானம் பிடிப்பவர்கள் நடுவில் ஒரு முழு இரவாவது விடுங்கள்.