ஒரே நாளில் டெல்லி: தனி காரும் தனி கைடும் கொடுத்த காசுக்குத் தகுமா?

டெல்லியில் "பிரைவேட் டே டூர்" என்று விற்பது உண்மையில் இரண்டு சேவைகள். ஒன்று ஏசி கார், இன்னொன்று கைடு. முன்பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் காரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்: டிசையரா, இன்னோவாவா, டிக்கி பெரிதா? அன்றைய நாள் உருப்படுவது கைடின் கையில் இருக்கிறது. அவர் நல்லவராக அமைந்தால் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். மோசமாக அமைந்தால் ஒன்றரைகூட அதிகம். வெறும் டாக்சியே போதும்.

முதலில் பட்டியலைக் குறைக்கச் சொல்லுங்கள். ஏஜென்சிகள் அனுப்பும் திட்டத்தில் வழக்கமாக எட்டு, பத்து இடங்கள் இருக்கும்: செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், குதுப்மினார், அக்ஷர்தாம், பங்களா சாஹிப் குருத்வாரா. இத்தனையையும் ஒரே நாளில் அடைத்தால் பார்த்த நேரத்தைவிட இறங்கி ஏறிய நேரமே மிஞ்சும். அக்ஷர்தாமைத் தயங்காமல் நீக்கிவிடலாம். செல்போன், கேமரா, பை எதையும் உள்ளே விட மாட்டார்கள். ஒப்படைக்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை. நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். அதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். தாமரைக் கோயிலையும் விட்டுவிடலாம். 27 வெண்பளிங்கு இதழ்கள் கொண்ட அழகான கட்டடம்தான், ஆனால் உள்ளே யாரும் பேசக்கூடாது. கைடுக்குக் காசு கொடுத்துவிட்டு அவர் வாய் திறக்க முடியாத இடத்தில் ஏன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்?

ஒரு நாளுக்குச் சரியான அளவு ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், செங்கோட்டை, பங்களா சாஹிப், ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார். ராஜ்காட்டும் இந்தியா கேட்டும் போகிற வழியிலேயே வந்துவிடும். வரிசையும் இதேதான், பழைய டெல்லியில் தொடங்கித் தெற்கே இறங்குவது. காலை ஏழரைக்குக் கிளம்பினால் ஜும்மா மசூதியில் கூட்டம் இருக்காது, கல்தரையும் சுடாது. நண்பகல் தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை வெளியேற்றிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை இன்னும் நீண்ட நேரம். அதனால் நண்பகலை ஒட்டி அங்கே கூட்டிப் போகும் திட்டம் பாதியில் உடைந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் போகிறவர்கள் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செங்கல் நிற முற்றத்தில் பத்தடி நடப்பதே கஷ்டம்.

சாந்தினி சௌக்கின் முதன்மைத் தெருவில், செங்கோட்டை எதிர்முனையிலிருந்து பதேபுரி மசூதி வரை, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் கார் அங்கே பயன்படாது. நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் ரிக்ஷா. இந்த ரிக்ஷா வாடகை பேக்கேஜில் சேர்த்தியா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் சேர்த்துதான்" என்று சொன்னவர்கள் இங்கேதான் தனியாகக் கை நீட்டுவார்கள். இன்னொன்று: டிரைவரின் எண் கைடிடம் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் போனிலும் இருக்கட்டும். கோட்டைப் பக்கம் வண்டியை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். டிரைவர் எங்கோ தள்ளி நின்றுதான் திரும்ப வருவார். கைடு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால் அரை மணி நேரம் வீண்.

செங்கோட்டை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். திங்கட்கிழமை விடுமுறை. தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் எல்லாமே திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் அந்த நாளில் டூர் எடுப்பதே தவறு. ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களிலும் பாதுகாப்புக்காகக் கோட்டையை மூடிவிடுவார்கள். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காகக் கர்த்தவ்ய பாதையைச் சுற்றியுள்ள சாலைகள் அடைபடும். இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்கிற ஏஜென்சியிடம் நம்பிப் பணம் கட்டலாம். "வெளியிலிருந்து காட்டுகிறோம்" என்று மழுப்பினால் தேதியை மாற்றுங்கள்.

கைடின் தரம் தெரிவதும் இந்தக் கோட்டைக்குள்தான். 1639இல் தொடங்கி 1648இல் முடித்தார் ஷாஜஹான், மயிலாசனத்தை 1739இல் நாதிர் ஷா தூக்கிப் போனார் என்பதை யாரும் சொல்வார்கள். சத்தா சௌக் கடைத்தெரு, திவான்-இ-ஆம், திவான்-இ-காஸ் என்று பெயர்களை ஒப்பித்தபடியே நடத்திக்கொண்டு போய்விடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே ஏன் இவ்வளவு வெற்றுப் புல்வெளி, நடுவில் ஏன் பட்டாள விடுதி மாதிரிக் கட்டடங்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டுப் படைவீடு கட்டினார்கள் என்று விளக்கி, அந்தப் படைவீடுகளில் 2019 முதல் இயங்கும் அருங்காட்சியகங்களுக்குள் கூட்டிப்போகிறவர் நல்ல கைடு. அதில் ஒன்று நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் உரியது. தமிழர்கள் அதைத் தவறவிடக்கூடாது. அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னைக்காரர். அவர் பின்னாளில் மணந்த பிரேம் சாகல் உட்பட மூன்று அதிகாரிகளை 1945 நவம்பரில் இதே கோட்டையில்தான் விசாரணைக்கு நிறுத்தினார்கள். அதற்கு முன் 1858இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை விசாரித்ததும் இங்கேதான். அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட் உண்டு. நேரம் அரை மணியாவது கேட்டு வாங்குங்கள். "அங்கே ஒன்றுமில்லை சார்" என்று இழுத்துப் போகிற கைடுகள் பலர்.

இந்த ஜாபரின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு ஹுமாயூன் கல்லறைக்கு வந்தால் அந்த இடமே வேறாகத் தெரியும். 1857 செப்டம்பரில் கோட்டையை விட்டு வெளியேறிய அவர் தஞ்சம் புகுந்தது இங்கேதான். ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் அவரைப் பிடித்ததும் இங்கேதான். பிறகு ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862இல் அங்கேயே இறந்தார். 1943இல் அவருடைய சமாதிக்குப் போய் அஞ்சலி செலுத்திய நேதாஜியின் முழக்கம் "டெல்லி சலோ" (டெல்லிக்குச் செல்வோம்). காலையில் பார்த்த கோட்டையும் மதியம் பார்க்கிற கல்லறையும் இப்படி ஒரே கதையாகச் சேரும்போதுதான் கைடுக்குக் கொடுத்த பணம் செரிக்கிறது. தோட்டத்தில் கால்வாய் ஓரமாக நடந்து, நுழைவாயில் அருகே உள்ள ஈசா கான் என்ற பிரபுவின் எண்கோணக் கல்லறையையும் (அது 1547இல் கட்டியது, ஹுமாயூன் கல்லறைக்கும் மூத்தது) பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழிருந்தே பார்ப்பது நல்லது. அதை முன்கூட்டிச் சொல்வது கைடின் கடமை.

மதியச் சாப்பாட்டில்தான் பணம் ஒழுகும். கைடு கூட்டிப்போகும் "டூரிஸ்ட் ரெஸ்டாரன்ட்"டில் பஃபே விலை அதிகம், காரம் உப்பு எதுவும் இருக்காது, அவருக்கும் டிரைவருக்கும் அங்கே சாப்பாடு இலவசம். சோறு வேண்டுமென்றால் இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் ஆந்திர பவன் கேன்டீன் இருக்கிறது. வரிசையில் நின்றாலும் மனம் நிறையும். ஜன்பத்தில் சரவண பவன் உண்டு. பங்களா சாஹிப் குருத்வாராவின் லங்கரில் (பொது உணவுக்கூடம்) உட்கார்ந்து சாப்பிட்டால் காசே வேண்டாம். தலையை மறைக்கத் துணி அங்கேயே கொடுப்பார்கள், சாதி மதம் யாரும் கேட்பதில்லை. சீக்கியர்களின் எட்டாவது குருவான ஹர்கிஷன் 1664இல் தங்கிய இடம் அது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நாளின் நிம்மதியான ஒரு மணி நேரம் அந்தக் குளக்கரைதான்.

அதன் பிறகு வரும் ஆபத்து கடை. கம்பளம், கல் நகை, பஷ்மினா, "கவர்மென்ட் அப்ரூவ்டு எம்போரியம்". விற்பனையில் கணிசமான பங்கு அழைத்து வந்தவருக்குப் போகும், அந்தப் பங்கு உங்கள் பில்லில் ஏறியிருக்கும். "பத்தே நிமிடம், பார்த்தால் போதும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முக்கால் மணி நேரம் போய்விடும், குதுப்மினாரில் வெளிச்சமும் போய்விடும். முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் "கடை எதற்கும் போக வேண்டாம்" என்று எழுதி, ஏஜென்சியிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள். சந்தேகமாக மலிவான பேக்கேஜ்கள் இந்தக் கமிஷனை நம்பித்தான் மலிவாக இருக்கின்றன.

குதுப்மினாரைக் கடைசியாக வைத்துக்கொள்வது மாலை வெயிலுக்காக. சிவப்புக் கல் சாயங்காலத்தில்தான் நிறம் காட்டும். சுமார் 73 மீட்டர் உயரம்; உள்ளே 379 படிகள் இருந்தாலும் 1981 நெரிசல் விபத்துக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை. இங்கே கைடை எடைபோட ஒரு கேள்வி போதும்: இந்த வளாகத்தில் உள்ள இரும்புத் தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை? "ஆதி ரகசியம், விஞ்ஞானிகளுக்கே தெரியாது" என்றால் அவர் படிக்கவில்லை. 7.2 மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் உள்ள அந்தக் குப்தர் காலத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலமாகிறது என்று விரிவாக ஆராய்ந்து சொன்னவர் கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம். தெரிந்த கைடு இதோடு நிற்க மாட்டார். புல்வெளியில் தனியே கிடக்கும் குவிமாடத்தையும் காட்டுவார்: மினாரின் உச்சியில் ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்மித் வைத்து, பொருந்தவில்லை என்று 1848இல் கீழே இறக்கப்பட்டது அது. நேரம் மிஞ்சினால் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகனை இதே தென்பகுதியில் தரிசித்துவிடலாம்.

இனி கணக்கு. டெல்லியில் கார் வாடகை "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்ற தொகுப்பாக வரும். நேரமும் தூரமும் பெரும்பாலும் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மறுபடி ஷெட்டுக்குத் திரும்பும் வரை எண்ணப்படும். நீங்கள் ஏறி இறங்கியதை வைத்து அல்ல. மேலே சொன்ன திட்டத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆகும். ஆகவே 12 மணி நேரத் தொகுப்பையே கேளுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் கூடுதல் மணிக்கும் கிலோமீட்டருக்கும் ஒரு தொகை சேரும். டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுச்சீட்டு, ரிக்ஷா, கைடு கட்டணம், வரி என ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிறதா வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும். மிச்சத்தை நாள் முடிந்து கொடுக்கலாம்.

நுழைவுச்சீட்டு உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார் ஒவ்வொன்றுக்கும் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டினருக்கு 600 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் கொஞ்சம் குறைவு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். இலங்கைத் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சார்க், பிம்ஸ்டெக் (தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகள்) நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியர் கட்டணம்தான், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை உள்ளவர்களுக்கும் அப்படியே. மலேசியா, சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட்டுக்கு 600 ரூபாய். கைடு சீட்டுகளைத் தானே மொத்தமாக எடுத்துத் தருவதாகச் சொன்னால், எந்தக் கட்டணத்தில் எடுத்தார் என்று சீட்டைப் பார்த்துவிடுங்கள்.

கைடு சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவராக, கழுத்தில் புகைப்பட அட்டையோடு இருக்க வேண்டும். தமிழ் பேசும் கைடு டெல்லியில் அபூர்வம். "தமிழ் கைடு உண்டு" என்று உறுதி சொன்னால், பணம் கட்டும் முன் அந்த நபரிடமே போனில் ஐந்து நிமிடம் பேசுங்கள். "வாங்க, உட்காருங்க"வோடு நின்றுவிடும் தமிழைவிடத் தெளிவான ஆங்கிலம் மேல். புது டெல்லி ரயில் நிலையத்தைச் சுற்றி "அரசு சுற்றுலா அலுவலகம்" என்று பலகை மாட்டிய தனியார் கடைகள் நிறைய. மத்திய அரசின் உண்மையான அலுவலகம் ஜன்பத் 88இல் இருக்கிறது. பஹார்கஞ்ச் பக்கம் "இன்று கோட்டை மூடல், வேறு இடம் போகலாம்" என்று யாராவது நெருங்கினால் நிற்காமல் நடங்கள்.

நான்கு பேருக்கு மேல் என்றாலோ, பெரியவர்கள் கூட வந்தாலோ கார் எடுங்கள். இரண்டு பேர், நடக்கத் தெம்புள்ளவர்கள் என்றால் கைடை மட்டும் வைத்துக்கொண்டு மெட்ரோவில் போகலாம். கூடுதல் அனுபவம், குறைந்த செலவு. வயலட் பாதையில் ஜும்மா மசூதி, செங்கோட்டை இரண்டுக்கும் தனித்தனி நிலையங்கள். சாந்தினி சௌக்கும் குதுப்மினாரும் ஒரே மஞ்சள் பாதையில், இறங்கி மாற வேண்டியதில்லை. குதுப்மினார் நிலையத்திலிருந்து நினைவுச்சின்னம் கொஞ்சம் தள்ளித்தான், ஆட்டோ பிடிக்க வேண்டும். கார் எடுத்தவர்களுக்கும் இந்தப் பாதை உதவும்: மாலை ஆறு மணி நெரிசலில் உங்கள் விடுதி கரோல்பாகில் என்றால் அங்கே காரில் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். குதுப்மினாரிலேயே காரை அனுப்பிவிட்டு மெட்ரோ ஏறி ராஜீவ் சௌக்கில் நீலப் பாதைக்கு மாறினால் முன்னதாகவே அறைக்குப் போய்விடலாம், வாடகையில் ஒரு மணி நேரமும் மிச்சம்.